கற்பிப்போர் கற்கும் வழி

(விருத்தாசலத்தில் ஆற்றிய உரை)



பீங்கான் நகரமாம் விருத்தாசலத்தில் ஆசிரியர் பயிற்சியைப் பற்றிப் பேசுவதா என்று எண்ணாதீர்கள், பொருத்தம் உண்டு. நெய்வேலிச் சுரங்கம் தரும் வெள்ளைக் களிமண் இங்கே அகலாகிறது, பொம்மையாகிறது. அந்த மண்ணுக்கு உருக்கொடுக்கும் தொழிலாளி, மேடைப்பேச்சைக் கேட்டா தொழில் கற்றார்? தேர்ந்தவர் செய்யக் கண்டார், தாமே செய்தார், பிழை நேர்ந்தபோது அருகிருந்தவர் திருத்தினார், மீண்டும் செய்தார்.

ஆசிரியருக்கு நாம் வகுத்த வழி என்ன? ஒரு கூடம், ஒரு சொற்பொழிவு, வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து! பயிற்சி முடிந்தது என்று ஏடு சொல்லும், வகுப்பறை சொல்லுமா?

ஆய்வாளர் கூறுவதைக் கேளுங்கள். அமெரிக்கக் கல்வித் துறை 2007-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 1,300-க்கு மேற்பட்ட ஆய்வுகளைச் சலித்தெடுத்தது. கடுஞ்சோதனையில் தேறியவை 9 மட்டுமே. அவற்றுள்ளும், 14 மணி நேரத்தைத் தாண்டாத பயிற்சிகளால் மாணவர் தேர்ச்சி குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை; நீண்ட பயிற்சிகளே பலன் தந்தன. நேரம் மட்டும் போதுமா? போதாது. கேட்டதும் கண்டதும் வகுப்பறையில் வேரூன்ற, சக ஆசிரியர் உடனிருந்து துணைபுரிய வேண்டுமென்று புரூஸ் ஜாய்சும் பெவர்லி ஷவர்சும் 1980-களிலேயே எடுத்துரைத்தனர்.

அயல்நாட்டுச் செய்தி என்று ஒதுக்கிட வேண்டாம். நம்மிடமே சான்று உண்டு. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் அரும்பியது. ஆந்திரத்து மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலிக்கு ஆசிரியர்கள் சென்றனர். சிற்றூர்ப் பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு தத்தம் வேகத்தில் பயில்வதைக் கண்டனர். திரும்பிவந்து, நம் பிள்ளைகளுக்கான அட்டைகளைத் தாமே ஆக்கினர். ஆணைக்குப் பணிந்தவராக அல்ல, ஆக்கியோராக நின்றனர்!

2007-08-இல் அம்முறை மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவிற்று. ரிஷிவேலியைக் கண்டவரோ சிலர்; ஆக்கி முடித்த அட்டைகளைப் பெற்றவரோ பல்லாயிரவர். அட்டை சென்ற வேகத்தில் அனுபவம் செல்லுமா? அவசரச் சூடு கலத்தைப் பிளக்கும் என்பதை இவ்வூர்ச் சூளைக்காரர் அறிவார். கல்வித் திட்டத்துக்கும் அது பொருந்தும். 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. திட்டங்கள் மாறலாம்; உரைகல் ஒன்றே: பயிற்சிக்குப்பின் ஆசிரியருக்குத் துணை யார்?

வட்டார வள மையத்து ஆசிரியர் பயிற்றுநர் அந்தத் துணையாக வேண்டும். அவரைப் புள்ளிவிவரம் திரட்டும் எழுத்தராக்கிவிட்டு, கல்வி உயரவில்லையே எனக் கலங்குவதில் பயனென்ன?

செல்வர் வீட்டுப் பிள்ளைக்குத் தனிப்பயிற்சி உண்டு. சூளைத் தொழிலாளியின் மகளுக்கு, அரசுப் பள்ளி ஆசிரியரை விட்டால் யார் உளர்? அவ்வாசிரியரின் கல்வி தேய்ந்தால், தேய்வது அச்சிறுமியின் எதிர்காலம் அல்லவா?

ஆகவே, பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இடம்பெற்றுள்ள தோழர்களே! பயிற்சி எத்தனை நாள் நடந்தது என்று கேட்டு அமர்ந்துவிடாதீர்கள். பயிற்சிக்குப் பின்னர் வகுப்பறைக்கு வந்தவர் யார், கண்டது என்ன, ஆசிரியருக்குச் செய்த உதவி என்ன என்று கேளுங்கள். விடை கிடைக்கும்வரை கேளுங்கள்!