மலைக்குப் பெட்டி மட்டும் கொடுத்தால் போதுமா?

(மேட்டூர் ஆர்ப்பாட்டத்தில் சங்கத்தின் சார்பில் பேசியது)

  

அணைத் தண்ணிக்கும் கரும்புப் பாக்கிக்கும் கூடுகிற நாம, தேனீப் பெட்டிக்காக எதுக்குக் கூடியிருக்கோம்னு சிலர் கேட்கிறாங்க. நியாயமான கேள்விதான். நம்ம எள்ளும் சூரியகாந்தியும் பூசணியும் நல்லாக் காய் பிடிக்கணும்னா தேனீ வந்தாகணும். அந்தத் தேனீயை வளர்த்து நம்ம காட்டுக்கு இறக்கித் தரக்கூடியவங்க மலையில் இருக்காங்க. அவங்க படுகிற பாடு நமக்குத் தெரியவே இல்லை.

ஏற்காடு சுமார் 5,000 அடி உயரம். மாசி, பங்குனியில் ஒரு மழை விழுந்தால், பத்து நாளில் காப்பித் தோட்டம் முழுக்க வெள்ளையாப் பூத்து நிற்கும். அந்தப் பூ இருக்கிறது மூணு நாலு நாள்தான். அதுக்குள்ள மறுபடி மழை கொட்டினால் பூவும் போச்சு, தேனும் போச்சு.

அதுக்குப் பிறகு வைகாசி தொட்டு கார்த்திகை வரை மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும். மழையில் தேனீ இரை தேடப் போகாது. குளிரிலும் போகாது. ஆனால் கூட்டுக்குள்ள புழு வளர 34, 35 டிகிரி சூடு வேணும். தேனீக்கள் ஒண்ணோடொண்ணு நெருங்கி, உடம்பை அதிரவைச்சு அந்தச் சூட்டை உண்டாக்குது. அதுக்குத் தீனி, சேர்த்து வைச்ச தேன்தான். அந்தத் தேனையும் நாம வழிச்சு எடுத்துட்டா? நம்ம நாட்டு அடுக்குத் தேனீ பட்டினி பொறுக்காது. கூட்டைக் காலி பண்ணிட்டு ஒரே நாளில் பறந்துடும். பிறகு பெட்டியைத் திறந்தால் வெறும் அடையும் மெழுகுப்பூச்சி கட்டின நூலாம்படையும்தான் இருக்கும். அப்படித் திறந்து பார்த்துத் தலையில் கைவைச்சவங்க இந்தக் கூட்டத்திலேயே இருக்காங்க.

தேனீ வளர்ப்புக்கும் தேனுக்கும் தனி இயக்கம்னு 2020-ல் மத்திய அரசு 500 கோடி ரூபாய் அறிவிச்சது. வரவேற்கிறோம். ஆனால் எத்தனை பெட்டி கொடுத்தோம்னு எண்ணினால் போதாது. ஐப்பசி அடைமழை தாண்டி எத்தனை பெட்டியில் உயிர் இருக்குன்னு எண்ணணும்.

1990-களின் தொடக்கத்தில் ஒரு வைரஸ் நோய் வந்து, புழுவெல்லாம் தண்ணிப் பை மாதிரி ஊதிச் செத்து, தென்னிந்தியாவில் நாட்டுத் தேனீ பெரும்பகுதி அழிஞ்சது. பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். கண்ட ஊரிலிருந்து கூட்டத்தை லாரியில் ஏத்திவந்தால் நோயும் கூடவே ஏறிவரும். அந்தந்த மலையில் தப்பிப் பிழைச்ச கூட்டத்தைப் பிரிச்சுப் பெருக்கித் தரணும்னு கேட்கிறோம்.

மழை மாசங்களில் பாகு காய்ச்சித் தேனீக்கு வைக்க, மலியமான விலைக்குச் சர்க்கரை வேணும். இதில் ஒரு வேடிக்கை பாருங்க. 2020 டிசம்பரில் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் கடைத் தேனைச் சோதிச்சப்ப, 22 மாதிரியில் 5 தான் எல்லாச் சோதனையிலும் தேறுச்சு. தேனீக்குச் சர்க்கரை இல்லை. பாட்டிலில் மட்டும் பாகு தாராளமா இருக்கு! இந்தக் கலப்படத்தோட போட்டி போட்டு மலைக்காரங்க சுத்தத் தேனை என்ன விலைக்கு விப்பாங்க?

ஆடிப்பட்டத்து எள் பூக்கிற நேரத்தில் பெட்டியைச் சமவெளிக்கு இறக்கினால் தேனீக்கும் தீனி, நமக்கும் மகசூல். ஏத்தி இறக்க வண்டி வாடகைக்கு மானியம் வேணும். மழையில் கூட்டம் அழிஞ்சா, ஆடு மாடு செத்த மாதிரி கணக்குப் பண்ணி நிவாரணம் வேணும்.

நம்ம பக்கத்துத் தப்பையும் சொல்லிடணும். பூ விரிஞ்ச காலை நேரத்தில் மருந்து அடிக்கிறோமே, மலையிலிருந்து நம்பி இறக்கின பெட்டி ஒரே பொழுதில் காலியாகும். அடிச்சே ஆகணும்னா பொழுது சாய்ஞ்ச பிறகு அடிங்க. முந்தின நாளே பெட்டிக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

மனு மேடைக்குப் பக்கத்தில் மேசைமேல் இருக்கு. கையெழுத்தோ கைநாட்டோ போட்டுட்டு வாங்க. மலைக்காரங்க முன்னாடி நடக்கட்டும், நாம பின்னாடி போய் வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்துட்டு வருவோம்.