நாணயச் சுருளில் வெள்ளி



கையிலே புழங்கும் சில்லறையை நாம் எண்ணுகிறோம், உற்றுப் பார்ப்பதில்லை. அமெரிக்காவிலே அதனையே பொழுதுபோக்காகக் கொண்டோர் பலர் உளர். இருபது அரை டொலர்க் காசுகள் அடங்கிய கடதாசிச் சுருளை வங்கியிலே பத்து டொலருக்கு வாங்கி, ஒவ்வொன்றாக ஆராய்வார்கள்.

அவர்கள் தேடுவது வெள்ளி. 1964 வரை அந்நாட்டுப் பத்துச் சத, கால் டொலர், அரை டொலர்க் காசுகளில் நூற்றுக்கு 90 பங்கு வெள்ளி இருந்தது. வெள்ளி அருகி விலையேறவே, 1965ஆம் ஆண்டுச் சட்டம் முதலிரண்டிலும் அதனை அகற்றியது. அரை டொலரில் மட்டும் 1970 வரை 40 பங்கு இருந்தது. பழையதற்கும் புதியதற்கும் சட்டத்தில் ஒரே பெறுமதி. ஆகவே மக்கள் வெள்ளியைப் பூட்டிவைத்துப் புதியதைச் செலவிட்டனர். தப்பிய சிலவே இன்று அகப்படுகின்றன.

ஆண்டைப் பார்க்கலாம், விளிம்பையும் பார்க்கலாம். 90 பங்கு வெள்ளிக் காசின் விளிம்பு முழுதும் வெண்மை. புதியதன் விளிம்பிலே செம்புக் கோடு ஓடும்.

பல சுருள்களில் ஒன்றும் கிடைக்காது. ஆயினும் நட்டமில்லை, பத்து டொலர் பத்து டொலராகவே இருக்கும். ஆனால், வெள்ளியை எடுத்தவர் ஈடாக வேறு காசு வைத்து, எண்ணிக்கை குறையாமலே சுருளைத் திருப்பவேண்டும். பிரித்துப் பாராமல் வாங்குவோர் அவரை நம்பியே வாங்குகின்றனர்.

அன்பர்களே, காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்ற ஒரே சொல்லைத் தமிழர் வைத்தனர். முன்னதைத் தேடும்போது பின்னதை இழவாதிருப்போமாக.