வலுசர்ப்பத்தின் நிறமும் குணமும்

மேனாட்டுப் பழங்கதைகளில் வரும் டிராகன் என்னும் பிராணியைத் தமிழ் வேதாகமம் வலுசர்ப்பம் என்று குறிப்பிடுகின்றது. சிறகும் செதிலும் உடைய இக்கற்பனைப் பிராணியை இனம் இனமாக வகுத்து, ஒவ்வோர் இனத்துக்கும் இலக்கணம் கூறிய விளையாட்டு ஒன்று உண்டு. டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்பது அதன் பெயர். நிலவறைகளும் வலுசர்ப்பங்களும் என்பது பொருள். அமெரிக்கரான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகிய இருவரும் ஆக்கிய இவ்விளையாட்டு 1974ஆம் ஆண்டில் வெளிவந்தது.

மேசையைச் சுற்றிச் சிலர் அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் வீரராகவும் மந்திரவாதியாகவும் பாத்திரமேற்றுப் பேசுவர். வெற்றியோ தோல்வியோ என்ற ஐயம் எழுமிடத்து இருபது முகமுள்ள பகடை தீர்ப்புக் கூறும்.

இவர்கள் எதிர்கொள்ளும் வலுசர்ப்பங்களுள் நிறத்தாற் பெயர் பெற்றவை ஐந்து. மலைகளில் வாழும் சிவப்பு நெருப்பை உமிழும். பாலைநிலத்து நீலம் மின்னலை வீசும். காட்டில் உறையும் பச்சை நச்சுப்புகையைக் கக்கும். சதுப்புநிலத்துக் கறுப்பு அமிலத்தைப் பீய்ச்சும். பனிநிலத்து வெள்ளை கடுங்குளிரை ஊதும். இவ்வைந்தும் தீயன. உலோகத்தாற் பெயர் பெற்ற பொன், வெள்ளி, வெண்கலம், செம்பு, பித்தளை என்னும் ஐந்தும் நல்லன. அவற்றுள் பித்தளை இனம் ஓயாது உரையாட விரும்புவது. செம்பு இனம் வேடிக்கையில் நாட்டமுடையது.

1977இல் வெளிவந்த பிராணிக் கையேடு தீயனவற்றின் அரசிக்குத் தியாமத் என்றும், நல்லனவற்றின் அரசனுக்குப் பஹமூத் என்றும் பெயரிட்டது. முன்னது பாபிலோனியப் புராணத்துக் கடல் அன்னையின் பெயர். பின்னது அராபியர் கதைகளில் உலகைத் தாங்கும் பெருமீனின் பெயர்.

இவ்வகுப்பு ஆடுவோருக்குப் பெரிதும் உதவிற்று. தொலைவிற் சிவப்பைக் கண்டவர் நெருப்புக்குக் காப்புத் தேடினர். ஆனால், நிறத்தைக் கண்டதுமே குணத்தையும் முடிவு செய்தனர். பிறந்த இனமே குணத்தை விதித்துவிடுமாயின், நன்மை செய்தவனுக்குப் புகழ் ஏது? தீமை செய்தவனுக்குப் பழி ஏது?

2004ஆம் ஆண்டில் இவ்விளையாட்டுக்கென வெளியிடப்பட்ட எபெரான் என்னும் கற்பனையுலகம் இதற்கு விடை தந்தது. அங்கே சிவப்பு வலுசர்ப்பம் அறவழி நிற்கலாம். பொன் வலுசர்ப்பம் வஞ்சகம் புரியலாம். மூச்சு எத்தகையது என்பதை நிறம் இன்றும் உணர்த்தும்; நெஞ்சு எத்தகையது என்பதை உணர்த்தாது. ஆதலால், அவ்வுலகிற் புகும் வீரன் வாளை உருவுமுன் எதிரே நிற்பதன் சொல்லைக் கேட்கவும் செயலைப் பார்க்கவும் வேண்டியவனாகின்றான்.