ஏடு காப்போர் கடமை



கணிப்பொறியில் தரவுத்தளங்களைப் பேணிக் காப்பது என் தொழில். அதுபற்றி உரையாற்றப் பணித்தீர்கள். பெயர் புதிதாயினும், பதிவேடு காக்கும் பணி நம் வட்டாரத்திற்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படலாகாது என விதித்தன. ஆனால், வரி செலுத்தும் நிலம் உடையார்க்கே குடவோலையில் பெயர் உண்டு என்றும் அதே கல்வெட்டு கூறுகிறது. நிலமற்றோர் பெயருக்கு அங்கே இடமில்லை.

நம் மக்கள் பெயர் நில ஏட்டில் ஏறிய வரலாறு வேறு. செங்கற்பட்டு மாவட்டக் கலெக்டராயிருந்த திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் சென்னை அரசு தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்க ஆணையிட்டது. அதுவே பஞ்சமி நிலம். முதற் பத்தாண்டுகள் விற்றலாகாது. பின்னரும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர்க்கன்றிப் பிறர்க்கு விற்றலாகாது என்னும் நிபந்தனையே அதற்கு வேலி.

அந்த வேலி நிற்குமிடம் எது? பதிவேட்டின் ஓரத்திலுள்ள ஒரு குறிப்பு! பழைய ஏட்டிலிருந்து புதிய ஏட்டிற்கோ, ஏட்டிலிருந்து கணிப்பொறிக்கோ பெயர்த்தெழுதும்போது அக்குறிப்பு விடுபடுமானால், அந்நிலம் ஏனைய பட்டா நிலம் போன்றே தோன்றும். நிலம் இருந்த இடத்திலேயே இருக்கும், உரிமை மறைந்துபோகும்.

ஆகவேதான் தரவுகளை இடம் பெயர்க்கும்போது வரிசைகளை எண்ணிப் பார்ப்பதோடு நாங்கள் அமைவதில்லை. எண்ணிக்கை சரியாயிருந்தும் ஒரு கட்டம் வெறுமையாய்ப் போயிருக்கலாம். கட்டந்தோறும் ஒப்பிட்டே ஏற்கிறோம். யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என வரையறுக்கிறோம். திருத்தியவர் பெயர், நேரம், முன்னிருந்த விவரம் ஆகியவை தனிக் குறிப்பில் பதிவாகின்றன. நிர்வாகியாகிய என் செயலும் அக்குறிப்பிற்குத் தப்பலாகாது.

என் பாட்டனார் தகரப் பெட்டியில் போற்றி வைத்திருந்த ஒற்றைப் பட்டாத் தாளைக் கறையான் அரித்தது. மாற்றுப் பிரதி இல்லை. பிரதிகள் பல இருந்தும் இடருறுவோர் உளர். 2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் என்னும் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான இயந்திரத்தில் அழிப்புக் கட்டளையிட்டார். ஐந்து வகைக் காப்பு ஏற்பாடுகள் இருந்தும் ஒன்றும் உரியபடி உதவவில்லை. பிரதியெடுக்கும் பணி தோற்றுக்கொண்டிருந்தது. அதை அறிவிக்கும் மின்னஞ்சலும் சென்றடையவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த பிரதியே கைகொடுத்தது. இடைப்பட்ட பதிவுகள் மீளவில்லை. அந்நிறுவனம் தவற்றை மறையாது உலகறியச் செய்தது பாராட்டத்தக்கது. பிரதி எடுப்பதோடு வேலை முடிவதில்லை. அதிலிருந்து மீட்டுப் பார்த்தல் வேண்டும்.

இளைஞர்களே! இக்கலையைப் பயில்வதற்குரிய மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் போன்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. கற்று வேலை பெறுக. அத்துடன், இல்லந்தோறும் உள்ள பழைய பத்திரங்களை எடுத்து, இணையத்தில் காணக் கிடைக்கும் பட்டா, சிட்டா, அ-பதிவேடு ஆகியவற்றோடு ஒப்பிடுக. வேறுபாடு கண்டால் வட்டாட்சியர்க்கு எழுத்தில் மனுச் செய்து, பெற்ற ஒப்புகையைப் பேணுக. படிகளை ஈரிடங்களில் வைக்குக. எழுத்தறிந்த தலைமுறை எழுத்தறியாத முன்னோர்க்குச் செலுத்த வேண்டிய கடன் இதுவே.