டிக்கட் ஜன்னலில் விஞ்ஞானம்



விஞ்ஞானச் செய்தி என்றதும் நாம் வானத்தை அண்ணாந்து பார்க்கிறோம். எங்களைப் போன்ற ரயில்வே குமாஸ்தாக்களுக்கோ அது டிக்கட் ஜன்னலுக்குள்ளேயே வந்து சேர்ந்தது. எங்கள் மூத்தவர்கள் பெரிய பதிவேட்டில் பெயர் எழுதி, கெட்டி அட்டை டிக்கட்டில் தேதி குத்தித் தந்தார்கள். திரும்பி வர இடம் கிடைக்குமா என்றறியத் தந்திக்குக் காத்திருந்தார்கள். 1986-இல் ரயில்வே தகவல் முறை மையம் நிறுவப்பட்டது. கணிப்பொறிகள் ஊர் ஊராகப் பரவின. 2002-இல் வீட்டிலிருந்தே டிக்கட் வாங்கும் வசதியும் வந்தது. நன்மை பெரிது, மறுப்பாரில்லை.

ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். சென்ற கோடையில் நம் ஊர்ப்பக்கத்துக் கட்டிடத் தொழிலாளி ஒருவர், தாயார் நோயுற்ற செய்தி கேட்டு, காலையிலேயே வரிசையில் நின்றார். பதினொரு மணிக்குத் தத்கால் திறந்தது. அவருக்கு முன்னிருந்த நால்வர் முடிவதற்குள் இடங்கள் தீர்ந்தன. யந்திரத்தின்மேல் குற்றமில்லை, அதற்குக் கணக்குத் தெரியும், முகம் தெரியாது. பொதுப்பெட்டி டிக்கட் தந்து, வண்டி மாற வேண்டிய இடத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்ததே எங்களால் இயன்றது.

2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்புதான் பதிவு தொடங்குகிறது. 2025 ஜூலை முதல் இணையவழித் தத்காலுக்கு ஆதார் சரிபார்ப்பும் வேண்டும். இவற்றை அறியாதார் நம்மிடையே பலர். காலனி இளைஞர்கள் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் சங்கத்தில் அமர்ந்து அவர்களுக்கு உதவினால், விஞ்ஞானம் எல்லோருக்கும் பொதுவாகும்.