சூடேறிய வண்டி ஏன் அடம் பிடிக்கிறது?



காலையில் சாவியைத் திருப்பியவுடன் உயிர் பெற்றெழுகிற மோட்டார் கார், வழியில் காப்பி அருந்துவதற்காகக் கால் மணி நேரம் நிறுத்தப்பட்டபின், மறுபடி கிளம்ப மறுக்கிறது. அரை மணி நேரம் காத்திருந்தால், ஒன்றுமே நடவாதது போல் கிளம்பிவிடுகிறது. இவ்விசித்திரமான நோயைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

பெங்களூரில் வாழும் தமிழர்களுக்கு இது வெறும் இயந்திர விஷயம் அன்று. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முதிய பெற்றோரையோ கைக்குழந்தையையோ வண்டியில் அமர்த்திக்கொண்டு ஒசூர்ச் சாலையில் புறப்படுகிறோம். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் ஊர்ந்து, எலெக்ட்ரானிக் சிட்டியைக் கடந்து, ஒசூரைத் தாண்டிக் கிருஷ்ணகிரிப் பக்கம் இறங்கும்போது, 900 மீட்டர் உயரத்துப் பீடபூமியின் குளிர்ச்சி நம்மை விட்டு விலகுகிறது. அங்கே நிறுத்திய வண்டி கிளம்பவில்லையென்றால், நண்பகல் வெயிலில் குடும்பம் முழுவதும் சாலையோரத்தில் நிற்க வேண்டியதுதான். பதற்றத்தில், கண்ணில் பட்ட முதல் ஒர்க்‌ஷாப்பில் புது பாட்டரி வாங்கிப் பொருத்துகிறோம். அடுத்த பயணத்தில் நோய் திரும்பி வருகிறது. பின்பு ஸ்டார்ட்டர் மோட்டார் மாற்றப்படுகிறது. நோய் மட்டும் மாறுவதில்லை. காரணம் அறியாத வைத்தியம் கைப்பொருளைக் கரைக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

முதலில் ஓர் உண்மையை மனத்தில் கொள்ள வேண்டும். வண்டியை நிறுத்தியதும் எஞ்சின் குளிரத் தொடங்குகிறது என்று நாம் எண்ணுகிறோம். எஞ்சினைச் சுற்றியுள்ள உறுப்புகளைப் பொறுத்தமட்டில் நிகழ்வது இதற்கு நேர்மாறானது. ஓடும்போது தண்ணீர்ப் பம்பு நீரைச் சுழற்றுகிறது. விசிறியும் எதிர்க்காற்றும் வெப்பத்தை வாரிக்கொண்டு போகின்றன. நிறுத்தியவுடன் இவை ஓய்ந்துவிடுகின்றன. ஆனால் எஞ்சினின் இரும்பிலும் புகைக்குழாயிலும் தேங்கிய வெப்பம் ஓயவில்லை. அது மெல்ல வெளியேறி, பானட்டுக்குள் உள்ள பெட்ரோல் குழாய், மின்கம்பி, காயில், சென்சார் முதலியவற்றை ஓடிக்கொண்டிருந்தபோது இருந்ததைவிட அதிகமாகச் சூடாக்குகிறது. நிறுத்திய பத்து நிமிஷத்திலிருந்து அரை மணி நேரம் வரையிலான இடைவெளியே ஆபத்தான காலம். ஐந்து நிமிஷத்துக்குள் கிளப்பினால் கிளம்புகிறது, இரண்டு மணி நேரம் கழித்தாலும் கிளம்புகிறது, இடையில் மட்டும் மறுக்கிறது என்பதன் மர்மம் இதுவே.

நிற்க. எஞ்சின் கிளம்புவதற்கு மூன்று காரியங்கள் நடைபெற வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டார் அதை வேகமாகச் சுழற்ற வேண்டும். அளவான பெட்ரோல் உள்ளே சேர வேண்டும். தக்க நேரத்தில் நெருப்புப் பொறி எழ வேண்டும். இம்மூன்றில் எது தவறுகிறது என்பதைக் கண்டறிவதே நோயறிதல். அதற்கு முதற்கருவி நம்முடைய காதுதான்.

சாவியைத் திருப்பும்போது எழும் ஓசையைக் கவனியுங்கள். காலையில் விறுவிறுவென்று சுழன்ற எஞ்சின், சூட்டில் களைத்தவன் மாடிப்படி ஏறுவது போல் இழுத்து இழுத்துச் சுழல்கிறதா? அல்லது 'டக்' என்ற ஓசையோடு நின்றுவிடுகிறதா? அவ்வாறாயின் பெட்ரோலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். குற்றம் மின்சாரப் பாதையில் உள்ளது. தாமிரக் கம்பியின் மின்தடை, வெப்பம் 10 டிகிரி உயரும்போது ஏறக்குறைய 4 விழுக்காடு கூடுகிறது. புகைக்குழாயை ஒட்டி அமைந்த ஸ்டார்ட்டர் மோட்டார் 60 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், தடை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிகுந்துவிடும். பாட்டரியும் இணைப்புகளும் நல்ல நிலையில் இருந்தால் இதனால் தீங்கில்லை. பாட்டரி முனையில் வெள்ளைப் பூஞ்சை போன்ற உப்புப் படிந்திருந்தாலும், எஞ்சினையும் வண்டியின் உடலையும் இணைக்கும் எர்த் பட்டை துருப்பிடித்திருந்தாலும், குளிரில் ஒருவாறு சமாளித்த மோட்டார் சூட்டில் தோற்றுவிடுகிறது. எனவே புது பாட்டரி கேட்பதற்கு முன், எஞ்சின் சுழலும்போது பாட்டரியில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 10 வோல்ட் அளவில் நின்றால் பாட்டரியின் மீது பழியில்லை. பின்பு பாட்டரியின் நெகடிவ் முனைக்கும் எஞ்சினுக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், இணைப்பைச் சுரண்டித் துடைத்து இறுக்கினாலே போதும்; செலவு ஒன்றும் பெரிதில்லை.

சுழற்சி நன்றாக இருந்தும் எஞ்சின் பற்றவில்லையெனில், பெட்ரோலையும் பொறியையும் ஆராய வேண்டும். 2014-ஆம் ஆண்டுவரை உத்தர்பாராவில் உற்பத்தியான அம்பாசிடர், நம் சாலைகளை நெடுங்காலம் ஆண்ட பிரீமியர் பத்மினி, 1983-இல் வெளிவந்த மாருதி 800 ஆகியவற்றின் கார்புரேட்டர் வண்டிகளை ஓட்டியவர்கள், பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றும் வைத்தியத்தை அறிவார்கள். அது மூடநம்பிக்கை அன்று. பெட்ரோல் ஒரே பொருள் அன்று. பல திரவங்களின் கலவை. அதன் இலேசான பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்குகின்றன. எஞ்சினை ஒட்டிய பம்பிலும் குழாயிலும் திரவத்துக்குப் பதிலாக ஆவி நிறைந்துவிட்டால், பம்பு வெற்றாவியை அமுக்கிக்கொண்டிருக்குமே அன்றி எண்ணெயைத் தள்ளாது. பெங்களூர் போன்ற உயர்ந்த ஊர்களில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குறைவாதலால், பெட்ரோல் இன்னும் சற்று எளிதில் ஆவியாகும். ஈரத்துணி ஆவியை மீண்டும் திரவமாக்கியது. இன்றும் அத்தகைய வண்டியை அன்போடு காத்து வருகிறவர்கள், குழாய் புகைக்குழாயை நெருங்காமல் விலகிச் செல்கிறதா, வெப்பத்தடுப்புத் தகடு அதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது நலம்.

இதற்கு எதிரான நோயும் உண்டு. கார்புரேட்டர்க் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் கொதித்து உள்ளே வழிந்து, எஞ்சினைத் திணறடிக்கும். முன்னது பட்டினி, பின்னது அஜீரணம். இரண்டையும் பிரித்தறியும் கருவி மூக்கு. பெட்ரோல் நெடி வீசினால் அஜீரணம். அப்போது ஆக்ஸிலேட்டரை அடிக்கடி மிதிப்பது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது போலாகும். ஒரே அழுத்தாக அடிவரை மிதித்துப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினால், காற்று நிறையப் புகுந்து மிகுதியான பெட்ரோலை வெளியேற்றிவிடும்.

இன்றைய கார்களில் பம்பு டாங்கிக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 3 கிலோ அழுத்தத்தில் பெட்ரோலை அனுப்புகிறது. அவ்வழுத்தத்தில் அது எளிதில் ஆவியாவதில்லை. ஆனால் நிறுத்தியபின் அழுத்தத்தைக் காக்க வேண்டிய வால்வு தேய்ந்திருந்தால், குழாயில் அழுத்தம் இறங்கி, பழைய நோய் புது வேஷத்தில் வருகிறது. இதற்கு ஓர் எளிய பரீட்சை உண்டு. சாவியை 'ஆன்' நிலையில் இரண்டு மூன்று வினாடி வைத்து, அணைத்து, மறுபடி வையுங்கள். ஒவ்வொரு முறையும் பம்பு சிறிது ஓடி அழுத்தம் ஏற்றும். மூன்றாம் முறை திருப்பியவுடன் கிளம்பினால், குற்றவாளி பெட்ரோல் அழுத்தமே என்று பெரும்பாலும் கொள்ளலாம். மாறாகக் கரும்புகையோடும் நெடியோடும் கிளம்பினால், ஏதேனும் இன்ஜெக்டர் கசிகிறது, அல்லது தண்ணீரின் வெப்பத்தை அளக்கும் சென்சார், சூடான எஞ்சினைக் குளிர்ந்த எஞ்சின் என்று பொய் சொல்லி, தேவைக்கு மேல் பெட்ரோலை வரவழைக்கிறது என்று ஐயுற வேண்டும்.

புகையும் இல்லை, நெடியும் இல்லை, ஓடிக்கொண்டிருந்த வண்டியே திடீரென்று அணைந்தது, ஆறியபின்தான் கிளம்புகிறது என்றால், பொறியின் பக்கம் திரும்புங்கள். காயிலுக்குள் உள்ள நுண்கம்பி வெப்பத்தில் விரிந்து தொடர்பறுந்து, ஆறியபின் மீண்டும் தொட்டுக்கொள்வதுண்டு. புதிய வண்டிகளில் எஞ்சினின் சுழற்சியை அறிவிக்கும் கிராங்க் சென்சாரும் இவ்வாறே சூட்டில் ஊமையாகும். எஞ்சினைச் சுழற்றும்போது வேகமுள் சிறிதேனும் அசையும் வண்டிகளில், அது அசையாமல் படுத்திருப்பது இச்சென்சாரின் மீது ஐயத்தை எழுப்பும். வண்டியின் கணினியோடு ஸ்கானரை இணைத்து, குறை தோன்றும் அந்தச் சூட்டிலேயே சோதிக்க வேண்டும். ஆறிய வண்டியைச் சோதிப்பது, காய்ச்சல் விட்டபின் வெப்பமானி வைப்பதற்கு ஒப்பாகும்.

இங்கு மொழியைப் பற்றியும் ஒரு சொல். மத்திய அரசில் மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்கு, இடமும் காலமும் அறியாமல் ஒரு தொடரைப் பெயர்த்தால் பொருள் திரிந்துவிடும் என்பது அன்றாட அநுபவம். 'வண்டி கிளம்பவில்லை' என்னும் தொடரும் அத்தகையதே. ஓடி எத்தனை நேரம் ஆயிற்று, நிறுத்தி எத்தனை நிமிஷம் ஆயிற்று, சுழன்றதா இல்லையா, நெடி இருந்ததா, எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்பிற்று என்னும் ஐந்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஜே.சி. சாலையிலோ உங்கள் பேட்டையிலோ உள்ள கன்னட மெக்கானிக்கிடம், "காடி பிசி ஆத மேலெ ஸ்டார்ட் ஆகல்லா, தண்ணகிருவாக ஆகுத்தெ" என்று சொல்லிப் பாருங்கள். 'பிசி' என்றால் சூடு. 'தண்ணகெ' என்றால் குளிர்ச்சி. இந்த ஒரு வாக்கியம் பாதி வேலையை முடித்துவிடும். அவருடைய மொழியில் பேசியதால் மலரும் முகம் மீதியை எளிதாக்கும்.

முடிவாகச் சில எச்சரிக்கைகள். சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது; பீறிடும் நீராவி முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். கொதிக்கும் எஞ்சினின் மேல் தண்ணீரை வாரி ஊற்றினால் இரும்பு விரிசல் காணலாம். பெட்ரோல் நெடி வீசும் இடத்தில் தீக்குச்சி கிழிக்க வேண்டாம். நெடி மிகுந்திருந்தாலோ கசிவு தெரிந்தாலோ குடும்பத்தாரை முதலில் வண்டியிலிருந்து தொலைவில் இறக்கிவிடுங்கள். நெடுஞ்சாலையில் நின்றால் அபாய விளக்குகளை எரியவிட்டு, சாலைத் தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். பானட்டைத் திறந்து வைத்து அரை மணி நேரம் பொறுத்திருங்கள். அப்பொறுமையால் பெரும்பாலும் வண்டி உங்களை ஊர் கொண்டு சேர்க்கும். ஆயினும் ஆறிக் கிளம்பிய வண்டி குணமான வண்டி அன்று. ஊர் சேர்ந்தபின் அதன் குறையைக் கண்டு களைவது, அடுத்த பண்டிகைப் பயணத்துக்கு நாம் செய்துகொள்ளும் முதல் ஏற்பாடாக இருக்கட்டும்.