சுக்கான் தண்டின் பொருத்தம்



பிற மாநிலங்களுக்குப் பிழைப்புத் தேடிச் செல்லும் தமிழர்கள், ஊரிலிருந்து பழம்பொருள் ஒன்றையாவது உடன் கொண்டுசெல்வது வழக்கம். சிலர் அம்மியை எடுத்துச் செல்வர். சிலர் தையல் இயந்திரத்தை. நான் அந்தமானுக்குக் கொண்டுவந்தது என் தந்தையார் ஓட்டிய அம்பாசடர் வண்டி. சென்னையில் கப்பலேறி, மூன்று நாட்கள் கடலிற் பயணம் செய்து, ஹேடோ துறையில் அது கரையிறங்கியது. 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேர் நகரின் ஒரு பகுதியே ஹேடோ.

அம்பாசடரின் வரலாற்றை நேயர்கள் அறிவீர்கள். மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் ஆங்கில வண்டியின் மூன்றாம் வரிசையை ஒட்டி, 1950-களின் பிற்பகுதியில் வங்காளத்து உத்தரபாராவில் அதன் உற்பத்தி தொடங்கிற்று; 2014-ஆம் ஆண்டு மே மாதம் நின்றது. பழைய அம்பாசடரில் கியர்க் கைப்பிடியும் சுக்கான் தண்டின் மேலேயே அமைந்திருக்கும். எனவே அத்தண்டு சற்றே கோணினால், வண்டியைத் திருப்புவதும் கியர் மாற்றுவதும் ஒருசேரக் கடினமாகிவிடும்.

ஹேடோவில் மழையும் மிகுதி, உப்புக்காற்றும் மிகுதி. ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் இரும்பு துருப்பிடியாமல் என் செய்யும்? வந்த சில ஆண்டுகளிலேயே தண்டின் மேற்பிடிப்பு ஆட்டங்கண்டது. ஒரு பட்டறையில் விட்டேன். தேய்ந்த புஷ்ஷுக்குப் பதிலாகப் பழைய டயர் ரப்பரை வெட்டிச் செருகி, பிடிப்பானை இழுத்து முறுக்கிக் கொடுத்தார்கள். சிறிதும் ஆட்டமில்லை, நானும் மகிழ்ந்தேன்.

பத்து நாட்கள் கழிந்தன. துறைமுகத்தை நோக்கி இறங்கும் சரிவில், என் மகளை அருகில் அமர்த்திக்கொண்டு ஒரு வளைவைத் திரும்பினேன். வளைவு முடிந்ததும் தானாக நேர்நிலைக்குத் திரும்ப வேண்டிய சுக்கான் திரும்பவில்லை. இரு கைகளாலும் வலிந்து இழுப்பதற்குள் முன்சக்கரம் சாக்கடை விளிம்பில் ஏறி நின்றது. எவருக்கும் காயமில்லை. எனினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள், தூத்துக்குடியிலிருந்து இங்கு வந்து குடியேறிய முதிய மெக்கானிக் ஒருவரை அழைத்துவந்தேன். அவர் மேற்பிடிப்பானின் இரண்டு போல்ட்டுகளைத் தளர்த்தியதுதான் தாமதம். தண்டு ஒரு விரற்கடை அளவு பக்கவாட்டில் துள்ளி விலகிற்று.

"பாத்தீங்களா ஸார், இவ்வளவு தூரம் இழுத்துக் கட்டியிருக்காங்க. இழுத்துக் கட்டினா நிக்கும், ஆனா திரும்பாது" என்றார்.

"அப்படியானால் இதை எப்படித்தான் கட்டுவது, அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவர் செய்துகாட்டிய முறையை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, முன்சக்கரங்களை நேராக நிறுத்தி, பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிய பின் ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகளின் மேல் இருத்த வேண்டும். தண்டின் கீழ்முனையைக் கழற்றுவதாயின், தண்டிலும் அது சேரும் பாகத்திலும் முன்னரே அடையாளம் இட்டுக்கொள்வது நலம். இல்லையேல் வண்டி நேரே செல்லும்போது சுக்கான் சக்கரம் கோணலாக நிற்கும்.

இரண்டாவது, போல்ட்டுகள் யாவற்றையும் விரலால் மட்டுமே முடுக்கிவிட்டு, சுக்கானை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை இரண்டு மூன்று முறை திருப்ப வேண்டும். தண்டு தனக்குரிய நேர்க்கோட்டைத் தானே தேடிக்கொள்ளும். அதன் பின்னர்க் கீழ்முனையை இறுக்குக. மேற்பிடிப்பானை இறுதியில் இறுக்குக.

மூன்றாவது, பிடிப்பானுக்கும் அது அமரும் இடத்துக்கும் இடையே சந்து இருக்குமாயின், தக்க கனமுள்ள வாஷர் கொடுத்து அதை நிரப்ப வேண்டும். சந்தை மூடுவதற்காகத் தண்டை இழுத்தல் கூடாது. இறுக்கியபின் மீண்டும் கோடிமுதல் கோடிவரை திருப்பிப் பார்த்தால், எவ்விடத்திலும் கை தடைப்படலாகாது. கியர்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

இவ்வளவும் செய்யப் புதிய புஷ் வேண்டுமே! அது சென்னையிலிருந்து கப்பலில் வந்து சேரும்வரை, ஏறத்தாழ ஒரு மாத காலம், நான் அலுவலகத்துக்கு நடந்தே சென்றேன். "டயர் ரப்பரையே வேறு விதமாக வெட்டி வைக்கலாகாதா?" என்று ஒரு நாள் கேட்டேன். அண்ணாச்சி மறுமொழி கூறவில்லை. வாயிலில் நின்றிருந்த என் மகளை ஒருமுறை நோக்கினார். அதன்பின் நான் கேட்கவில்லை.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் நிறைவேறியவை. அவற்றின் 98-ஆம் விதி, சுக்கானில் 30 டிகிரிக்கு மேற்பட்ட வெற்றாட்டம் இருத்தலாகாது என்றும், இணைப்புப் போல்ட்டுகள் கழலாதவாறு பூட்டப்பெற்றிருத்தல் வேண்டும் என்றும் பணிக்கின்றது. 'வெற்றாட்டம்' என்ற சொல்லைத் தேடி, மொழிபெயர்ப்பாளனாகிய நான் அரைநாள் செலவிட்டேன். பட்டறையில் அதை 'பிளே' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். சொல் எதுவாயினும், தளர்வின் ஆபத்தை எல்லோரும் அறிவோம். கை நடுங்கும்போதே அது தெரிந்துவிடும். வலிந்த இறுக்கமோ உறுதியைப் போலவே தோன்றி ஏமாற்றுகிறது.

இன்னுமொரு செய்தி. மோதலின்போது உள்வாங்கி மடியும் சுக்கான் தண்டை அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1967-ஆம் ஆண்டின் வண்டிகளில் பொருத்தலாயிற்று. அதற்கு முற்பட்ட வடிவங்களில் தண்டு பெரும்பாலும் மடியாத இரும்பே. விபத்து நேர்ந்தால் ஓட்டுபவரின் மார்பை நோக்கி வரக்கூடியது. ஆதலின் பழைய வண்டி வைத்திருப்போர் பிறரைவிட இருமடங்கு கவனமாக இருத்தல் வேண்டும்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் பழைய வண்டி ஒன்று இருக்கக்கூடும். அடுத்த வளைவைத் திரும்பியதும் பிடியைச் சற்றே நெகிழ்த்திப் பாருங்கள். சுக்கான் தானே நேராகத் திரும்பினால் நன்று. திரும்பாவிடின், அந்த வாரமே மேற்பிடிப்பானைத் தளர்த்தச் செய்து, தண்டு எப்பக்கம் விலகுகிறதென்று பாருங்கள். உதிரிப்பாகம் வரத் தாமதமானால் காத்திருங்கள். என் மகள் இப்போது அதே வண்டியில், அதே சரிவில், வண்டியோட்டக் கற்றுவருகிறாள்.